இரண்டு ஏடும் ஒரு பெயரும்

ஒருவர்க்குப் பெயர் ஒன்றேயாயினும், அதனைப் பொறித்து வைக்கும் ஏடுகள் பலவாகும். பிறந்த சின்னாட்களுக்குள் நகராட்சிப் பதிவேட்டில் ஏறுகின்றோம். எம்போல்வார்க்கு அதனையடுத்துத் திருச்சபையின் ஞானஸ்நானப் புத்தகமும் உண்டு. பின்னர்ப் பள்ளி, குடும்ப அட்டை, ஆதார், வங்கி, கல்லூரி என ஏடுகள் பெருகிக்கொண்டே செல்கின்றன. இவை தம்முள் ஒத்திருக்குங்கால் இவை உளவென்ற நினைவே நமக்கு எழுவதில்லை. ஒவ்வாதபொழுதே இவற்றின் வலிமை புலனாகின்றது.

எம் தோழி ஒருத்திக்கு நேர்ந்ததனை முதற்கண் கூறுவோம். அவள் பயில்வது நமது கல்லூரியன்று; எக்கல்லூரியென்பது ஈண்டு வேண்டா. அங்குச் சேர்க்கை அலுவலகத்துக் கணினி அவளை ‘அ. மரியபுஷ்பம்’ என்றும், ஆய்வுக்கூடத்துக் கணினி ‘மரியபுஷ்பம் அந்தோணி’ என்றும் எழுதிக்கொண்டன. ஒருத்தி இருவராயினாள். அவள் எழுதிய கட்டுரைகள் ஒருத்தியின் கணக்கிற் சென்று சேர்ந்தன. மதிப்பெண் இடவேண்டிய பட்டியலில் மற்றவள் இருந்தாள். கட்டுரையே கொடாதவள் என்று குறிக்கப்பட்டு, மூன்று வாரம் மேசைதோறும் அலைந்தாள். ஒவ்வொரு மேசையிலும் அவளுக்குக் கிடைத்த விடை, “எங்கள் ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறதம்மா” என்பதே. அவ்விடையிற் பொய்யில்லை. தனித்தனியே நோக்க, இரண்டு ஏடும் சரியானவையே. பிழை ஏட்டிலில்லை, ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடைப்பட்ட வெளியில் இருந்தது. அவ்வெளிக்குப் பொறுப்பாவார் ஒருவரும் அங்கு இலர்.

இவ்வெளியைக் குறித்தே சில கூற விரும்புகின்றோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்குக் கணினியறையில் என்ன வேலை என்று அறிவியல் வகுப்பு நண்பர்கள் நகைப்பர். பெயரைப்பற்றிய வழக்கு எங்கெழினும் அஃது எமது வழக்குமாம் என்பது எம் விடை.

டைரக்டரி என்று வழங்கும் பெயரடைவு யாதென அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். நிறுவனமொன்றில் யார் யார் உளர், அவர் எக்குழுவினர், எக்கதவு யார்க்குத் திறக்கும் என்பவற்றையெல்லாம் ஓரிடத்தே வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிகட்கெல்லாம் விடையிறுக்கும் பொறியே அது. 1988-ஆம் ஆண்டில் ‘எக்ஸ்.500’ என்னும் விதித்தொகுதி வெளிவந்தது. அது மிகப் பெரிதாய் இருந்தமையின், 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர் முதலானோர் அதனைச் சுருக்கி ‘எல்டாப்’ என்னும் எளிய முறையை வகுத்தனர். விண்டோஸ் 2000-உடன் மைக்ரோஸாப்டாரின் ‘ஆக்டிவ் டைரக்டரி’ வந்தது. மற்றொரு புறம், நெட்ஸ்கேப்பாரிடம் பிறந்து, ரெட் ஹாட் குழுவினராற் கைக்கொள்ளப்பட்டு, 2005-இல் யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்ட அடைவு, 2009 முதல் ‘389 டைரக்டரி ஸர்வர்’ என்னும் பெயர் பூண்டு நிற்கின்றது. 389 என்பது எல்டாப் முறையார் வந்து தட்டும் வாயிலின் எண். ஒரு வாயிலின் எண்ணையே தனக்குப் பெயராகக் கொண்ட பொருள் உலகில் வேறுளதோ, யாம் அறியோம்.

கல்லூரிகளில் இவ்விரண்டும் ஒருங்கே வாழ்தல் இயல்பு. ஆய்வுக்கூடத்து விண்டோஸ் கணினிகள் ஒன்றை நாடும். லினக்ஸில் ஓடும் நூலக நிரலும் பாட நிரலும் மற்றொன்றை நாடும். ஆகலின் ஒன்றிற் சேர்ந்த மாணாக்கன் மற்றொன்றிலும் தானே சேரவும், ஒன்றில் மாறிய குழு மற்றொன்றிலும் மாறவும் ஒரு பாலம் வேண்டியதாயிற்று. அதனையே ஒத்திசைவு என்கின்றனர்.

எம் பாட்டனார் இரயில்வேயில் ஊழியம் பார்த்தவர். சேலம் சந்திப்பு நிலையம் சூரமங்கலத்திலேயே அமைந்திருத்தலின், எங்கள் தெருவில் இரயில்வேக்காரர் இல்லாத வீடு அரிது. 2007-இல் பாலக்காடு, திருச்சிராப்பள்ளிக் கோட்டங்களிலிருந்து பிரித்துச் சேலம் கோட்டம் அமைக்கப்பட்ட செய்தியைப் பேரன் பிறந்த செய்திபோல அவர் இன்றும் சொல்லி மகிழ்வார். தோழியின் கதையை அவரிடம் சொன்னேமாக, அவர் டோக்கன் கருவியைப்பற்றிப் பேசத் தொடங்கினார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் புகாதிருத்தற்கு முற்காலத்தே கையாண்ட முறை அது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். அவ்விரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றினுள் உருக்குப் பந்துகள் கிடக்கும். ஒரு பந்தை வெளியே எடுத்துத் தோற்பையிலிட்டு, வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கையிற் சேர்த்தாலன்றி வண்டி அப்பாதையில் நுழையலாகாது. ஒரு பந்து வெளிப்பட்டுவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவியினுட் புகும்வரையில் இரு கருவியிலிருந்தும் வேறு பந்து வாராது. “கருவி ரெண்டு, ஆனா பேச்சு ஒண்ணு, அதுக்குள்ள மனுஷன் நெனப்புக்கு எடமே கெடையாது” என்றார் பாட்டனார்.

அடைவுகளிரண்டும் அத்தகையன என்றே யாமும் முதலில் எண்ணினோம். அற்றன்று. 389 அடைவினின்று ஆக்டிவ் டைரக்டரிக்குப் போகும் பாலம், தன்பால் நிகழ்ந்த மாற்றத்தை அவ்வப்பொழுதே அனுப்பிவிடும். அப்பால் நிகழ்ந்தவற்றை அறிதற்கோ, வேறு கட்டளையின்றேல் ஐந்து நிமிடத்திற்கொருமுறை சென்று கேட்டு வரும். இடைப்பட்ட ஐந்து நிமிடமும் இரண்டும் இரு வேறு கதை கூறலாம். ஐந்து நிமிடத்தால் ஒன்றும் கெடாது. பாலம் அறுந்ததனை எவரும் நோக்காமல் ஐந்து மாதம் கழிந்தால்தான் கேடு. டோக்கன் கருவி பழுதுற்றால் வண்டி நிற்கும்; ஊரே அறியும். இங்குக் கணினி நிற்பதில்லை. பழைய பெயர்களைக்கொண்டு முகமலர்ச்சியோடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

எங்கள் சபைகளிலும் இத்தகைய பாலம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் ஊர் பெயருங்கால், பழைய சபையின் ஐயர் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். அதனைக் கண்டு புதிய சபையார் பெயரைப் பதிந்துகொள்வர். எம் பெரியம்மா அக்கடிதத்தை நான்கு ஆண்டு டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அந்நான்கு ஆண்டும் இரு சபையாரும் அவரிடம் சந்தா கேட்டு வந்தனர். பெரியம்மாவும் இருவர்க்கும் கொடுத்து வந்தார்.

இனி, இரு பக்கத்துப் பதிவும் ஒருவரையே குறிக்கும் என்று பொறி எங்ஙனம் அறிகின்றது? ஆக்டிவ் டைரக்டரி தன்பாற் சேர்ந்த ஒவ்வொரு பதிவிற்கும் 128 பிட்டு நீளமுள்ள ஓர் எண்ணைக் கொடுக்கின்றது. பெயர் மாறினும், வகுப்பு மாறினும் அவ்வெண் மாறுவதில்லை. 389 அடைவு அவ்வெண்ணைத் தன் பதிவில் எழுதி வைத்துக்கொள்கின்றது. இருவரும் ஒருவரே என்று ஒருமுறை உறுதியாயின், அதன்பின் அடையாளம் எண்ணிலே நிற்கும். பெயரை எத்துணை திருத்தினும் கேடில்லை. தோழியின் கல்லூரியில் இவ்வுறவு தொடக்கத்திலேயே ஏற்படவில்லை. இரு மேசையாரும் தனித்தனியே பெயரைத் தட்டி, தனித்தனியே கணக்குத் திறந்தனர். பின்னர் எத்துணை விரைந்த பாலம் இட்டும் பயன் என்னை? இருவராய்ப் பிறந்தாரை அஃது இருவராகவே சுமந்து செல்லும்.

கடவுச்சொல்லின் இயல்பு வேறு. அதனை அடைவுகள் திரும்ப அவிழ்க்கலாகாத உருவில் அரைத்து வைத்துக்கொள்ளும்; அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்கலாகாது. ஆகவே இருக்கும் கடவுச்சொல்லை ஓரடைவினின்று மற்றதற்குப் பெயர்த்தல் இயலாது. மாணாக்கன் அதனை மாற்றும் அந்தக் கணத்திலேயே, அரைபடுமுன், காவலுள்ள வழியே அக்கரைக்கு அனுப்புதல் வேண்டும். விண்டோஸ் பக்கத்தில் இதற்கென்றே தனிப் பணியாள் நிரல் ஒன்றை அமைக்கின்றனர். புதிதாகப் பாலமிட்டவுடன், “என் பழைய கடவுச்சொல் அங்குச் செல்லவில்லையே” என்று முறையிடும் நண்பர்கள், ஒருமுறை அதனை மாற்றிப் பார்க்க. கணினியறைப் பணியாளரை வையற்க.

எம்மை வருத்துவது அதுவன்று, பெயர்ப் பகுதி. எல்டாப் விதியிற் ‘பெர்ஸன்’ என்னும் மாந்தர் வகைக்கு இன்றியமையாதன இரண்டு: பொதுப் பெயர் ஒன்று, குடிப்பெயர் ஒன்று. குடிப்பெயர் இல்லாதான் அவ்விதிப்படி மாந்தனே ஆகான்! ஆக்டிவ் டைரக்டரி இதனைச் சிறிது தளர்த்தியுள்ளது. ஆயினும் வழக்கு வழக்கே. நமக்கோ குடிப்பெயர் கிடையாது. தந்தையின் முதலெழுத்தை முன்னிட்டு, நம் பெயரை நாமே தாங்கி நிற்பது தமிழ்நாட்டில் வேரூன்றிய முறை. சாதிப்பெயரைப் பெயரோடு ஒட்டாதுவிட்ட பின்னர் அவ்வோரெழுத்தே நமக்குக் குடி அடையாளமாயிற்று. அவ்வெழுத்தையும் தமிழிலேயே எழுதுதல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்ததனை வாசகர் அறிவர். இந்நிலையிற் குடிப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் விடலாகாது என்று கணினி அடம்பிடித்தால், பணியாளர் என்செய்வர்? ஒருவர் தந்தை பெயரை இடுவர்; ஒருவர் தலைப்பெழுத்தை இடுவர்; ஒருவர் ஒரு புள்ளியை வைப்பர்; ஒருவர் மாணாக்கன் பெயரையே இருமுறை எழுதுவர். அ. மரியபுஷ்பம், மரியபுஷ்பம் அந்தோணி என்று எம் தோழி இருவராய்ப் பிளந்த இடம் அக்கட்டமே.

தலைப்பெழுத்துக்கென்று தனியிடம் இல்லாமலில்லை. ஆயின் அதிலும் ஒரு வேடிக்கை உளது. ஆக்டிவ் டைரக்டரி அவ்விடத்திற்கு ஆறு குறிகட்குமேல் இடங்கொடாது. 389 அடைவிலோ அவ்வெல்லை இல்லை. ஆகையால் ஆறினும் மிக்கதனைப் பாலம் கடக்கும்போது நறுக்கிவிடுவர். ஆங்கிலத்தார்க்கு ஆறு ஏராளம். நமக்கு? எம் வீட்டு வழக்கப்படி ஊர், பாட்டன், தந்தை ஆகிய மூவர்க்கும் எழுத்திட்டு, ‘சூ.தி.கோ.’ என்று எழுதுவோம். உயிர்மெய்யை இலக்கணநூலார் ஓரெழுத்தாக எண்ணுவர். யூனிகோடு முறையிலோ ‘சூ’ என்பது சகரமும் ஊகாரக் குறியுமாகிய இரண்டு. புள்ளியோடு மூன்று. ‘தி.’ என்பதும் அங்ஙனமே மூன்று. ஆறும் நிரம்பிற்று. எஞ்சிய ‘கோ.’ வெட்டுண்டது. ஊர் நின்றது, பாட்டனாரும் நின்றார், பெற்ற தந்தை வெளியேறினார்! பாட்டனாரிடம் இதனைச் சொன்னபோது அவர் நகைத்தார், தந்தையார் நகைக்கவில்லை.

பொதுப் பெயரைப்பற்றியும் ஒன்று. 389 அடைவில் ஒருவர்க்குப் பொதுப் பெயர் பல இருக்கலாம்: தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று. ஆக்டிவ் டைரக்டரி ஒன்றனையே ஏற்கும். பலவற்றுள் ஒன்றுதான் அக்கரை செல்லும். அக்கரையில் யாரேனும் புதியதொன்றை எழுதிவிட்டாலோ, அது திரும்பி வந்து இக்கரையிலுள்ள பலவற்றையும் அழித்துத் தானே அமர்ந்துகொள்ளும். தமிழ்ப் பெயரை அழிக்கவேண்டும் என்ற எண்ணம் ஒருவர்க்கும் இல்லாமலே தமிழ்ப் பெயர் அழிந்துபோம். ஆகலின், பெயரைப் பொறுத்தமட்டில் இருவழிப் பாலம் கூடாது என்பது எமது துணிபு. சேர்க்கை ஏடு சொல்வதே பெயர், மற்றது கேட்டுக்கொள்ளட்டும். கணினியறை இருக்கையெண்ணை ஆய்வுக்கூடத்து ஏடு சொல்லட்டும். அதனைச் சேர்க்கை ஏடு கேட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு செய்திக்கும் உரிமையாளர் ஒருவரேயாக இருத்தல் வேண்டும். ‘கடைசியாக எழுதியவன் சொல்லே அம்பலமேறும்’ என்பது முறையன்று.

இஃதெல்லாம் கணினியறைச் சிறுபூசல் என்று கருதுவார் உளராயின், அவர்க்கு ஆயிரம் ரூபாயின் கதையைக் கூறுவோம். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று உயர்கல்வி புகும் பெண்கட்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பெற்றது. ஆண்மக்கட்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கப்பெற்றது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் கற்றோர்க்கும் பின்னர் இடம் கிடைத்தது. ஒருவர் எப்பள்ளியிற் பயின்றார் என்பதற்குச் சான்று பள்ளிக்கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்னும் ஏடு. அவர் இப்போது கல்லூரியில் உளர் என்பதற்குச் சான்று உயர்கல்விக்குரிய ‘யூமிஸ்’ என்னும் ஏடு. பணம் போய்ச் சேர்வது ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில். ஏடுகள் நான்கு, மாணாக்கி ஒருத்தி! பள்ளி ஏட்டுக்கென எண் இருத்தல் இங்குப் பெருந்துணை. எண் வழியே பொருந்தினால் பெயரின் சிறு வேற்றுமை தடையாகாது. எண்ணைத் தவறவிட்டுப் பெயரைக்கொண்டு தேடத் தொடங்கினாலோ, ‘லட்சுமி’, ‘இலக்குமி’, ‘லெட்சுமி’ என மூவர் தோன்றுவர். கொல்லப்பட்டி, கந்தம்பட்டிப் பக்கத்திலிருந்து நாடோறும் பேருந்தேறி வரும் ஒருத்திக்கு அவ்வாயிரம் பயணச் செலவு, புத்தகச் செலவு, சிலவேளை வீட்டரிசிச் செலவுமாம். அவள் கேட்பது கருணையன்று. தன் பெயர் தன்னதே என்னும் ஒப்புதல் ஒன்றுதான்.

“இத்துணை இடர் எதற்கு? எல்லா ஏட்டையும் ஒன்றாக்கிவிடலாகாதோ?” என்று எம் வகுப்பிலேயே ஒரு நண்பர் வினவினார். எக்ஸ்.500 வகுத்தோர்க்கும் அக்கனவு இருந்தது. உலகை ஒரு மரமாக்கி, நாடுகளைக் கிளைகளாக்கி, நிறுவனங்களைக் கொப்புகளாக்கி, மாந்தரையெல்லாம் அதில் இலைகளாகத் தொங்கவிட எண்ணினர். அது கைகூடவில்லை. கைகூடாமை நன்றேயென்பது எம் கருத்து. ஒரே ஏட்டில் எல்லாம் இருப்பின், அதில் ஒருவர் செய்யும் ஒரு பிழைக்கு மறுசான்றே இராது. தோழியின் துன்பம் தீர்ந்ததும், இரண்டாம் ஏடொன்று இருந்து அதில் அவள் கட்டுரைகள் பத்திரமாய்க் கிடந்தமையாலன்றோ? ஏடுகள் இரண்டாக இருக்கட்டும்; அவற்றிடைப் பாலத்திற்கு ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

அழித்தலைப்பற்றியும் குழுக்களைப்பற்றியும் ஒரு சொல். 389 அடைவில் அழிந்த பதிவு ஆக்டிவ் டைரக்டரியிலும் அழியவேண்டுமாயின், அதற்கு இசைவு அப்பதிவிலேயே முன்னர் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வெச்சரிக்கை மிக நன்று. ஓரிடத்துக் கைப்பிழையால் ஒரு வகுப்பே மறைந்துபோகாது. ஆயின் அதன் மறுபுறத்தையும் நோக்குக: படிப்பு முடித்துச் சென்றவர் ஓரேட்டில் நீங்கி, மற்றோரேட்டில் ஆண்டுக்கணக்கில் உறங்குவர், அவர்தம் கடவுச்சொல் பிறர் கைப்பட்டால் மதிப்பெண் அறையின் கதவும் திறக்கலாம். பழைய மாணவர்களாகிய அன்பர்கள் பொறுத்தருள்க. தங்களை வெளியேற்ற யாம் விழையவில்லை. ‘பழைய மாணவர்’ என்னும் குழுவிற்குப் பெயர்த்து, தேர்வுக் கதவை மட்டும் அடைத்து, நூலகக் கதவைத் திறந்தே வைக்கும்படி வேண்டுகின்றோம். குழுவிலும் ஒரு மறைவுண்டு. பாலம் எப்பகுதியை நோக்குமாறு அமைந்ததோ அப்பகுதியிலுள்ள உறுப்பினர் மட்டுமே அக்கரைக் குழுவில் தோன்றுவர். மாணாக்கர் பகுதிக்கே பாலமிட்டு, தமிழ் மன்றக் குழுவில் ஆசிரியர் இருவரையும் சேர்த்தால், அக்கரையில் மன்றம் ஆசிரியரின்றிக் கூடும். சிலர்க்கு அது மகிழ்ச்சியாயிருத்தலும் கூடும்.

நமது கல்லூரி மேலோரை யாம் வேண்டுவன பெரியனவல்ல. சேர்க்கை நாளன்று மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணைக்கொண்டே எல்லாக் கணக்கும் திறப்பார்களாக. பெயரைக்கொண்டு ஒருபோதும் திறவற்க. தமிழில் எழுதிய முழுப்பெயர்க்குத் தனியொரு கட்டம் வகுத்து, அதனைப் பாலத்தின் கத்திக்குத் தப்புவிப்பார்களாக. குடிப்பெயர்க் கட்டத்தில் எதனை இடுவது என்பதற்கு ஒரு விதி செய்து, அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பார்களாக. தந்தை பெயரோ, தாய் பெயரோ, எதுவாயினும் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கட்டும். பருவத்திற்கு ஒருமுறையேனும் இரண்டு ஏட்டிலும் நம் பெயர் எங்ஙனம் உளதென்று நாமே அருகருகே வைத்துப் பார்க்க ஒரு பக்கம் திறந்துவிடுவார்களாக. நம் பெயரின் பிழையை நம்மினும் விரைவாகக் காண்பார் யாவர்?

எம் தோழி இப்போது ஒருத்தியே. அவளுக்கு வரவேண்டிய மதிப்பெண்களும் வந்துவிட்டன. எமது விண்ணப்பத்தைக் கணினியறைப் பணியாளர் பொறுமையோடு வாங்கிப் படித்து, தந்தையாரை உள்ளே சேர்க்கப் புள்ளிகளை நீக்கினால் ஆறுக்குள் அடங்கும் என்று வழி கூறினார். ‘சூதிகோ’ என்று எழுதிப் பார்த்தோம். ஏதோ அசுரன் பெயர்போலத் தோன்றியது. இரண்டு நாள் எண்ணி, ஊரை விடுத்துத் ‘தி.கோ.’ என்று எழுதித் தந்துள்ளோம். இச்செய்தியைப் பாட்டனாரிடம் இன்னும் சொல்லவில்லை. சூரமங்கலத்தை விட்டுக்கொடுத்தேம் என்பதனை அவர் எங்ஙனம் ஏற்பாரோ.